மூன்று அழகரெத்தினங்கள்

பதிவு அறையில் விசிறி சுற்றினால் தாள் பறக்கும்,
நிறுத்தினால் எனக்கு வேர்க்கும்.
அதனால் ஒரு கல் வைத்திருக்கிறேன்,
கல்லடிப் பாலத்துக்குக் கீழே பொறுக்கியது.

அழகரெத்தினம், வயது அறுபத்திரண்டு.
வாழைச்சேனைக் காகித ஆலையில்
இருபத்தேழு வருசம் வைக்கோல் அவித்தவர்.
வலது நுரையீரல், மேல் மடல்.
மட்டக்களப்பில் நான் எழுதியது ஒரு பெயர்.
மகரகமைக்கு அனுப்பினோம்,
அங்கே ஆங்கிலத்தில் ழகரத்துக்கு வேறு எழுத்துப் போட்டார்கள்.
காசு கட்டி ஸ்கேன் எடுத்த இடத்தில்
தகப்பன் பெயர் முன்னுக்கு வந்துவிட்டது.
வருடக் கணக்குக் கூட்டும்போது
கட்டியோடு மூன்று பேர்.
மூவரும் ஒரே சாறனைக் கட்டிக்கொண்டு
ஒரே வாங்கில் இருந்து இருமுகிறார்கள்.

தம்பி குணரெத்தினம் நோர்வேயில், பேர்கனில்.
எந்த நாளும் மழையாம்.
ஆறு மாதம் பிந்தி அவருக்கும் அதே வருத்தம்.
அங்கே ஆளுக்குப் பதினோரு இலக்கம்.
சம்பளம், தடுப்பூசி, சதை வெட்டிப் பார்த்த முடிவு
எல்லாம் அதன் வாலைப் பிடித்துத்
தானாக வந்து சேருமாம்.
செத்தால் அதுவும்.
"என்ட பேரை ஒருத்தரும் கேக்கல்ல, தங்கச்சி"
தொலைபேசியில் சிரித்தார்.
பெருமையா, கவலையா,
எனக்குப் பிடிபடவில்லை.

எங்கள் தாளில் பெயருக்கு அடுத்த கட்டம் இனம்.
கட்டிக்கும் அது தெரியுமோ என்று
ஒருநாள் பகிடி விட்டேன்.
மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை.

புகைப்பவரா? ஆம். இல்லை. அவ்வளவுதான்.
பேர்கனில் எத்தனை பெட்டி, எத்தனை வருசம்,
எந்த மாதம் விட்டது என்று பெருக்கிப் பார்க்கிறார்களாம்.
ஓட்டமாவடி ஹயாத்தும்மாவிடம் கேட்டேன்.
"அல்லாவே, நானா?"
முக்காட்டு நுனியால் வாயைப் பொத்தினா.
இல்லை என்பதில் புள்ளடி போட்டேன்.
மறுகாதான் இடியப்பம் அவித்து விற்ற கதை வந்தது:
விடியச் சாமம் மூன்று மணி, ஓலைக் குசினி,
காயாத முந்திரிகை விறகு,
முப்பத்தெட்டு வருசம்.
அதுக்குக் கட்டம் இல்லை.
பேர்கன் தாளிலும் இருக்காதென்றே நினைக்கிறேன்.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.
ஓரத்தைக் கணினியில் ஏற்ற
இன்னும் ஆள் நியமிக்கவில்லை.

சித்திரை கழிந்து குணரெத்தினத்திடமிருந்து ஒரு படிவம்.
உடன்பிறந்தாருக்கு உண்டா?
என்று கண்டுபிடித்தது?
அவர் நாற்பது வருடமாக வசித்த இடம்?
விடைக்கு ஒரேயொரு வரி.
கிளினிக் நாளில் அழகரெத்தினத்துக்கு வாசித்துக் காட்டினேன்.
விரல் மடக்கினார்.
வாழைச்சேனை. தொண்ணூறில் வளாகத்து மரத்தடி.
மறுகா கறுவாக்கேணி, மச்சாள் வீட்டு விறாந்தை.
கடல் வந்ததுக்குப் பிறகு கூடாரம்.
ஷெல் விழுந்த மாசியில் எங்கே இருந்தோம்...
விரல் நின்றது.
"எரிஞ்ச ஊர் எல்லாத்தையும் எழுதுங்க மகள்.
மூச்சு விட்ட இடத்தைத்தானே கேக்கிறாங்க."
எழுதினேன். வரி நிரம்பி,
தாளைத் திருப்பி,
பின்பக்கத்தில் பாதிவரை போனது.

ஆனியில் செத்துப்போனார், வீட்டில், பாயில்.
ஊர்ப் பதிவாளர் எழுதிய காரணம்: நெஞ்சுச் சளி.
அந்தத் தாள் கச்சேரிப் பக்கம் போனது,
என் மேசைக்கு வராது.
ஆகவே எங்கள் கணக்கில்
மூன்று அழகரெத்தினங்களும் உயிரோடு,
ஓகஸ்ட் பன்னிரண்டு, காலை எட்டு மணிக்கு
மூவருக்கும் கிளினிக்.
பேர்கனில் மட்டும், தம்பியின் கோப்புக்குள்
அவர் ஒரே ஒருவர்:
அண்ணன், நுரையீரல், ஆம்.

மருந்து மாறிய நாளில் குணரெத்தினம் எடுத்தார்.
"அண்ணன்ட தாளில இப்ப என்ன கிடக்கு?"
பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.
மூன்று அட்டைகளையும் எடுத்து
ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்
கல்லை வைத்தேன்.
விசிறியைப் போட்டேன்.